வாயைத் திறந்து காட்டு

பெல்ட்டில் பிஸ்கட் வந்துகொண்டே இருந்தது. அடுப்புக்குள்ளிருந்து வெளியே வந்து, பெரிய காற்றாடிகளுக்குக் கீழே ஆறி, வரிசை வரிசையாக நகர்ந்து வரும். இரண்டு கையாலும் அள்ள வேண்டும், தட்டில் செங்குத்தாக அடுக்க வேண்டும், உடைந்ததை ஓரத்துக் கூடையில் தள்ள வேண்டும். அதற்குள் அடுத்த வரிசை வந்து நிற்கும். தும்மல் வந்தால்கூட அள்ளிக்கொண்டேதான் தும்ம வேண்டும்.

பட்டாசு இந்த வேலையைத் தூக்கத்தில்கூடச் செய்வாள் என்று ஒரு காலத்தில் பேர் இருந்தது. கையும் வாயும் போட்டி போடும். பெல்ட்டின் அந்தக் கடைசியில் இருப்பவளை இங்கிருந்தே வம்புக்கு இழுப்பாள். அதனால்தான் பட்டாசு என்ற பெயரே வந்தது. இப்போது அவள் முன்னால் பிஸ்கட் குவிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விளிம்பு தாண்டிக் கீழே விழுந்துகொண்டிருந்தது. விரல்கள் வீங்கியிருந்தன. மூளை சொல்வது கைக்குப் போய்ச் சேருவதற்குள் பிஸ்கட் கடந்து போய்விடுகிறது.

பக்கத்தில் நின்ற சோடாபுட்டி கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டே எட்டி, பட்டாசின் குவியலில் பாதியைத் தன் தட்டில் அடுக்கினாள்.

"என்னடி, நமுத்துப்போயிட்டே?"

"குளிருதுக்கா."

"குளிருதா? அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டு? நான் உருகி ஓடிட்டிருக்கேன், நீ என்னடான்னா உள்ளுக்குள்ள ஸ்வெட்டர் போட்டுட்டு வந்திருக்கே."

உண்மைதான். ஏப்ரனுக்குள்ளே கணவனின் முழுக்கைச் சட்டை, அதற்குள்ளே ஸ்வெட்டர். மற்றவர்கள் முதுகெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கிடக்க, இவளுக்கு மட்டும் எலும்புக்குள் குளிர் உட்கார்ந்திருந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குரல் கட்டையாகிவிட்டது. போனில் பேசினால் கணவன், "யாரு, மச்சானா? உங்க அக்காகிட்ட குடுங்க" என்று கிண்டல் செய்வான். முதல் தடவை அவளும் சிரித்தாள்.

மேற்பார்வை பார்க்கும் லைன் மேடம் பின்னால் வந்து நின்றாள். கீழே கிடந்த பிஸ்கட்டைக் காலணி முனையால் ஒதுக்கினாள்.

"இங்க பாரு, வர்ற வாரம் மறுபடி ரத்தம் எடுக்கறாங்க. இந்தத் தடவையும் நம்பர் இறங்கலைன்னா உன்னைப் பெல்ட்டுல வச்சுக்க முடியாது. கான்ட்ராக்ட்காரன்கிட்ட போய் தரை கூட்ட வேண்டியதுதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

கான்ட்ராக்ட்காரனிடம் போவதென்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கூப்பிட்ட நாளைக்கு வேலை, கூப்பிடாத நாளைக்குப் பட்டினி. போனவள் யாரும் பெல்ட்டுக்குத் திரும்பியதில்லை.

எல்லாம் அந்த மருத்துவ முகாமில் ஆரம்பித்தது. அடுப்பருகில் பெண்கள் அடிக்கடி மயங்கி விழுந்தார்கள். காற்றோட்டம் இல்லை, இடைவேளை போதவில்லை என்று சொன்னால் செலவு. ரத்தம் இல்லை என்று சொன்னால் மாத்திரையோடு போயிற்று. கம்பெனி முகாம் போட்டு எல்லோருக்கும் ரத்தம் எடுத்தது. மறுவாரத்திலிருந்து கேட்டில் நர்ஸ் தட்டோடு நின்றாள். ஆளுக்கொரு சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை, சாக்கட்டி மாதிரி ஒரு வெள்ளைச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை, காகிதக் கோப்பையில் டீ. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும், நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்ப ஒருவன் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பான்.

அதே முகாமில்தான் பட்டாசுக்குத் தைராய்டு என்றார்கள். கம்பெனி டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்றார். அவள் அப்படியே போட்டாள். விடியலில் மாத்திரை, அவசர அவசரமாகக் குளியல், கம்பெனி பஸ், கேட், பெல்ட்.

பிறகுதான் குழப்பம். நடுவில் அடுப்பு பழுதாகி, அந்தப் பகுதியையே மூடி எல்லோரையும் இரண்டு மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் எடுத்த பரிசோதனையில் தைராய்டு எண் சரியாக இருந்தது. உடம்பும் கொஞ்சம் லேசானது மாதிரிதான் இருந்தது. வேலைக்கு வந்து சில மாதத்தில் எண் முதலில் இருந்ததைவிட ஏறி நின்றது. டோஸைக் கூட்டினார்கள். மறுபடி ஏறியது. இன்னும் கூட்டினார்கள். அவள் ஒவ்வொரு ரிசல்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடம்பு அடங்கிக்கொண்டே போகிறது, எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. என்ன கணக்கு இது என்று ஒன்றும் விளங்கவில்லை.

கம்பெனி டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாத்திரையை ஒழுங்கா போடறதில்லை நீ."

"தெனமும் போடறேன் டாக்டர். ஒருநாள்கூட விட்டதில்லை."

"உன் ரத்தம் வேற மாதிரி சொல்லுதேம்மா. ரத்தம் பொய் சொல்லாது."

அப்படியானால் பொய் சொல்வது யார் என்று அவர் சொல்லவில்லை. அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் அதைச் சொல்லி அழுதபோது கணவனுக்கும் ஒரு நொடி சந்தேகம் வந்தது. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். தின்னரில் கையைத் துடைத்துக்கொண்டே, "மறந்து கிறந்து போயிடறியோ? இப்பதான் எல்லாத்தையும் மறக்கறியே" என்றான்.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா? என் கண்ணு முன்னாடி நின்னு பாரு. நீயே எடுத்துக் குடு."

மறுநாளிலிருந்து அவனே எழுந்து, மாத்திரையைப் பிரித்து, அவள் கையில் வைத்து, தண்ணீர் கொடுத்தான். முதல் நாள் விளையாட்டாக, "ம், வாயைத் திறந்து காட்டு" என்றான். அவள் பார்த்த பார்வையில் அதோடு அந்த விளையாட்டை விட்டுவிட்டான்.

அடுத்த பரிசோதனைக்கு வேலையை விட்டுவிட்டு அவனும் கூட வந்தான். எண் இறங்கவில்லை. "டாக்டர், நானே என் கையால குடுக்கறேன். நான் பார்த்துட்டுதான் இருக்கேன்" என்றான்.

டாக்டர் சிரித்தார். "நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிடுவாங்க. இவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கணவனின் கை மேசையின் விளிம்பைப் பிடித்தது. விரல் வெளுத்து, நகக்கண்ணில் காய்ந்திருந்த நீலப் பெயிண்ட் பளிச்சென்று தெரிந்தது. பட்டாசு அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். அவளுக்கும் அந்த மேசையைக் கவிழ்த்துப் போட வேண்டும் போலத்தான் இருந்தது. கவிழ்க்கிற தெம்பு உடம்பில் இல்லை.

இப்போது லைன் மேடம் மிரட்டியதையும் அவனிடம் சொன்னாள். "வா, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். கூட்டமா இருந்தா இருக்கட்டும்" என்றான் அவன்.

கூட்டம் இருந்தது. விடியலில் சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களை மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அம்மாள் டாக்டர் தலையை நிமிர்த்தாமல் ரிசல்ட்டுகளை வரிசையாக மேசையில் பரப்பினார். களைத்துப்போன முகம். பட்டாசு முந்திக்கொண்டு, "நான் பொய் சொல்லலைங்க, மாத்திரை போடறேன்" என்றாள்.

"நீ பொய் சொல்றேன்னு யாரு சொன்னா? இதைப் பாரு. நம்பர் ஏறினா சுரப்பி நல்லா வேலை செய்யுதுன்னு நெனைக்காதே. தொண்டையில இருக்கிற சுரப்பி சரியா வேலை செய்யலை. மூளை அதைப் பார்த்து வேலை செய், வேலை செய்யின்னு கத்துது. அந்தக் கத்தல்தான் இந்த நம்பர். கத்தல் ஏறிக்கிட்டே போகுதுன்னா, நீ முழுங்கற மாத்திரை ரத்தத்துல போய்ச் சேரலைன்னு அர்த்தம்." நடுவில் இருந்த ஒரு தாளை விரலால் தட்டினார். "இது மட்டும் சரியா இருக்கே. அப்போ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைங்க. கம்பெனி மூடியிருந்துச்சு. வீட்டுல இருந்தேன்."

"சரி. காலையில எழுந்ததுல இருந்து வாயில என்னென்ன போடறே? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னாள். தைராய்டு மாத்திரை. அப்புறம் கேட்டில் சிவப்பு, வெள்ளை, டீ.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு நேரம் கழிச்சு?"

"பஸ் போற நேரம்தாங்க. அரை மணி இருக்கும்."

"அந்த ரெண்டும் இதை வயித்துலயே பிடிச்சு வச்சுக்கும். உடம்புல சேர விடாது. நாலு மணி நேரமாவது தள்ளணும். இதை உனக்கு யாருமே சொல்லலையா?"

"தைராய்டு மாத்திரை எழுதினதே கம்பெனி டாக்டர்தாங்க, கேட்டுல அதைக் குடுக்கறதும் கம்பெனிதாங்க" என்றான் கணவன்.

அம்மாள் பேனாவை மறுபடி எடுத்தார். ஒரு சீட்டில் விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்டில் கொடுப்பதைச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதியிருந்தார். "நீ சரியாயிடுவே. ஆனா நம்பர் உடனே இறங்காது. ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்து உன்னைக் கொழப்ப வேண்டாம்."

பஸ்ஸில் வரும்போது பட்டாசு அழுதாள். சந்தோஷமா, ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு வருஷமாகத் தன் கையையே திட்டிக்கொண்டிருந்தாள். சோம்பேறி ஆகிவிட்டோமோ, வயசாகிவிட்டதோ, புத்தி மங்கிவிட்டதோ என்று ஒவ்வொரு நாளும் பயந்திருந்தாள்.

மறுநாள் சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அங்கே நல்ல ஏசி. அவளுக்குப் பல் கிட்டியது. மேனேஜர் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"இதை வேற யாருகிட்டயாவது காட்டினியா?"

"இல்லைங்க சார். உங்ககிட்டதான் மொதல்ல. ரெண்டு மாசம் டைம் குடுங்க சார். அப்புறம் டெஸ்ட் எடுங்க. பழையபடி வேலை செய்வேன் சார்."

"டெஸ்ட் தேதியெல்லாம் முன்னாடியே முடிவானது. உன் ஒருத்திக்காக மாத்த முடியுமா? நாளைக்கு எல்லாரும் வெளியில சீட்டு வாங்கிட்டு வருவாங்க. கம்பெனி செலவு பண்ணிச் சத்து மாத்திரை குடுக்குது. அதுல குத்தம் கண்டுபிடிக்கறீங்க."

சீட்டை மடித்துத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

"சார், அது என் சீட்டு."

"ஃபைலுக்கு வேணும்."

சொன்ன தேதியில் ரத்தம் எடுத்தார்கள். அம்மாள் டாக்டர் சொன்னது போலவே எண் அதற்குள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் லைன் மேடம் வந்து, "ஏப்ரனைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. கான்ட்ராக்ட்காரன் கூப்பிடுவான்" என்றாள். கொஞ்சம் தணிந்த குரலில், "மேல இருந்து சொல்லிட்டாங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவள் நின்ற இடத்தில் ஏற்கெனவே வேறொரு பெண் நின்று அடுக்கிக்கொண்டிருந்தாள். பட்டாசு ஏப்ரனைக் கழற்றினாள். மடித்தாள். மேடத்தின் கையில் கொடுக்கவில்லை. தூணில் இருந்த சிவப்புக் குமிழின் மேல் உள்ளங்கையை வைத்து ஓங்கி அழுத்தினாள். யாருடைய கையாவது பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்காக வைத்தது அது.

பெல்ட் நின்றது. காற்றாடிகள் மட்டும் இரைந்தன. எல்லோரும் யார் கை போயிற்று என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரெல்லாம் விடியக்காலையில தைராய்டு மாத்திரை போட்டுட்டு வர்றீங்க? கையைத் தூக்குங்க!"

சில கண்கள் லைன் மேடத்தின் பக்கம் போயின. பிறகு பக்கத்திலேயே ஒரு கை மேலே போனது. சோடாபுட்டியின் கை.

"அக்கா, நீயுமா?"

"டோஸை ஏத்திக்கிட்டே போறாங்கடி. போடாம ஏமாத்தறியான்னு டாக்டர் எல்லாரு முன்னாடியும் கேட்டான். வெக்கமாப் போச்சு. யாருகிட்டயும் சொல்லலை."

எதிர் வரிசையில் ஒருத்தி தூக்கினாள். அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி இன்னொருத்தி. பெல்ட்டின் கடைசியில், போன மாதம் மயங்கி விழுந்தவள். பட்டாசின் இடத்தில் புதிதாக நின்றவளும் தயங்கித் தயங்கித் தோள் வரைக்கும் தூக்கினாள். பிஸ்கட் தூள் ஒட்டிய கையுறைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக உயர்ந்து நின்றன. கை தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க மேல தப்பில்லை! கேட்டில குடுக்கறாங்களே, அதுதான்... அதை நாலு மணி நேரம்..."

லைன் மேடம் ஓடி வந்து குமிழைத் திருகி இழுத்தாள். பெல்ட் உறுமிக்கொண்டு கிளம்பியது. அது நின்ற நேரத்திலும் அடுப்பு நிற்கவில்லை. அதன் வாசலில் குவிந்து கிடந்த பிஸ்கட் மொத்தமாகச் சரிந்து வந்தது. காவலாளி பட்டாசின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவள் கத்தினாள். அந்த இரைச்சலில் அவளுடைய கட்டைக் குரல் இரண்டு ஆள் தாண்டவில்லை.

பிஸ்கட் வந்துவிட்டது. புதியவளின் கை முதலில் இறங்கியது. பிறகு எதிர் வரிசையில், பிறகு கடைசியில். சோடாபுட்டி, என்ன சொல்கிறாள் என்று பட்டாசின் உதட்டையே பார்த்துக்கொண்டு, தூக்கிய கையைக் கீழே கொண்டுவந்து பிஸ்கட்டை அள்ளினாள்.