சென்னியம்மாளின் பில்லுக்கு அலங்காரம் எதற்கு

1

உண்மைக்கு அலங்காரம் தேவையில்லை என்பதை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான். ஆண்டு: 1988. இடம்: சேலம் டவுன் பஸ், பின்படிக்கட்டு. அதை நிரூபிக்கவே இந்தக் கதை. இதில் உவமை வராது, வர்ணனை வராது. கதை ஒரு பில்லிலிருந்து பிறந்தது. அந்தப் பில்லை அச்சடித்தவனும் நானே.

முதல் வரி: எடப்பாடியில் தறிகள் பாடிக்கொண்டிருந்தன.

(அடித்துவிட்டேன். விசைத்தறி பாடாது. பக்கத்தில் நின்றால் காது போய்விடும்.)

வேறு முதல் வரி: சென்னியம்மாளின் கண்களில் நீர்

(இதையும் பாதியில் விட்டேன். காரணம் அடுத்த பகுதியில்.)

2

கல்லூரி விட்டதும் மாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. மூன்று வாரம் படித்திருந்ததால் அங்கே நான்தான் நிபுணன்.

சென்னியம்மாள் எடப்பாடியில் ஆறு விசைத்தறி வைத்துத் துண்டு நெய்பவர். நாக்பூர் வியாபாரி ஒருவருக்கு முதல் சரக்காக ஐந்நூறு துண்டு அனுப்பி, நோட்டுத் தாளில் பில் எழுதி உடன் வைத்திருக்கிறார். தாள் திரும்பி வந்துவிட்டது. கம்பெனி பில்லாக அனுப்பினால்தான் தீபாவளி ஆர்டர், இரண்டாயிரம் துண்டு. ஆர்டர் கைவிட்டுப் போனால் ஆறில் நான்கு தறி நிற்கும்.

(இந்த இடத்தில் அவரை அழவைத்தால் கதைக்கு நல்லது. அவர் அழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டார். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.)

கட்டம் கட்டமாக வேண்டும், மேலே 'சென்னியம்மாள் டெக்ஸ்டைல்ஸ்' என்று நட்டநடுவில் வரவேண்டும் என்றார். நான் என் கண்டுபிடிப்பை விளக்கினேன்.

"பேரை நடுவுல போட்டா துண்டு நீளமாயிருமாங்க்கா?"

"கரை இல்லாத துண்டும்தான் ஈரத்தத் தொடைக்கும் சாமி. வாங்கறவன் கரையத்தான் பாக்கறான்."

ஆனாலும் கொள்கைப்படி பெயரை இடது ஓரத்திலேயே தட்டினேன். ரகம், நிறம், அளவு, எண்ணிக்கை, விலை, தொகை என்று அவர் சொன்ன அத்தனை கட்டங்களையும் ஒரே தாளில் அடக்க, ஒவ்வொன்றையும் ஒடுக்கினேன்.

3

தாள் வெளியே வந்தது. தொகைக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை நட்சத்திரங்கள்.

அவற்றை நான் போடவில்லை. ஆனால் நிபுணன் முகம் மாறக் கூடாது. அது கம்ப்யூட்டர் தானாகவே போடும் வேலைப்பாடு என்றேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சரிகை மாதிரி இருக்கிறது என்று மெச்சி, அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டார்.

(அடிக்குறிப்பு: கட்டம் குறுகி எண் நீண்டால், எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரம்தான் வரும். இது நான்காவது வாரப் பாடம்.)

4

முடிவு அ: வியாபாரி நட்சத்திரங்களில் மயங்கி ஐயாயிரம் துண்டு கேட்கிறார். (நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ: சென்னியம்மாள் என்னை முச்சந்தியில் நிறுத்தி (இது எனக்குப் பிடிக்கவில்லை.)

நடந்தது இதுதான். ஒரு தந்தியோடு அவர் மறுபடி வந்தார். படித்துச் சொன்னேன்: பில் அழகு. தொகை எங்கே. பத்து நாளில் வராவிட்டால் ஆர்டர் வேறு இடம்.

நான்காவது வாரப் பாடத்தையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அழகுன்னா போட்டிருக்கான்?"

"ஆமாங்க்கா."

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செரி, நட்சத்திரத்த எடுத்துப்போட்டு நம்பரப் போடுங்க சாமி. தபால் கட்டறதுக்குள்ள குடுக்கோணும்."

5

ஆர்டர் கிடைத்ததா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான்கு தறி உங்கள் கையில் இருக்கிறது, பார்த்து எழுதுங்கள். எனக்கு நேரமில்லை. கட்டத்தை அகலமாக்கினேன், எண்கள் வந்துவிட்டன. கதை இங்கே முடிய வேண்டும்.

தாளில் ஒரு வரிக்கு எண்பது எழுத்து. அவர் கம்பெனியின் பெயர், நடு இடைவெளியையும் சேர்த்து, இங்கிலீஷில் இருபது. மீதி அறுபது. இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். நான் பெயருக்கு முன்னால் போய், இடைவெளிக் கட்டையை முப்பது முறை தட்டினேன்.

பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.

(போதவில்லை. இரட்டைக் கோடு.)