பூசணிக்குப் பின்னால் பெயர்ப் பலகை

சொர்ணலதாவின் கடையில் அந்தப் பெட்டி பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க என்ன இருக்கிறது? இருவரும் ஹனூரிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். மேட்டகள்ளியில் அடுத்தடுத்த கடை, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அங்கேயும் இட்லி, இங்கேயும் இட்லி. ஆனால் போனில் பணம் வந்ததும் கன்னடத்தில் சத்தமாகச் சொல்கிற பெட்டி அவளிடம் மட்டும். ஃபேக்டரி ஆட்கள் சட்டைப்பையில் காசே வைப்பதில்லை. "ஸ்கேனர் இல்வா அக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். இப்படியே போனால் தீபாவளிக்குள் நான் கடையை மூட வேண்டியதுதான்.

அந்தப் பெட்டி கேட்டு நானும் இரண்டு தடவை எழுதிப்போட்டேன். ஆதார் கொடுத்தேன், பான் கார்டு கொடுத்தேன். போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள், சிமிட்டினேன். இரண்டு தடவையும் முடியாது என்றுவிட்டார்கள். அவளுக்கு ஒரே நாளில் கிடைத்ததாம். நான் கேட்காமலே வந்து சொன்னாள்.

மூன்றாவது தடவை எழுதிப்போட்டதும் பெட்டிக் கம்பெனி ஏஜென்ட் ரத்தினவேல் நேரில் வந்தார். நான் கடைமுன் நின்று அனுப்பிய போட்டோவைக் காட்டினார்.

"உங்க பேரு, மூஞ்சியெல்லாஞ் சரிங்க்கா. கடைப் பேரு எங்கீங்க? பூசணிக்காதான் தெரியுது."

நிமிர்ந்து பார்த்தேன். நாக்கு நீட்டிய பேய் முகம் வரைந்து, பலகையின் நட்டநடுவில் நானே கட்டிய திருஷ்டிப் பூசணி. கடையின் பெயர் முழுக்க அதன் பின்னால் ஒளிந்திருந்தது.

"அதைக் கழட்டுனா ஆவாது தம்பி. பக்கத்துக் கடைக்காரி கண்ணு பொல்லாத கண்ணு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"போட்டோவுக்கு மட்டுங்க்கா. பலகை தெரியலீன்னா மறுபடியும் தள்ளிருவாங்க."

மனசில்லாமல் ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்தேன். பூசணியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றேன். அவர் கிளம்பியதும் முதல் வேலையாகத் திரும்பக் கட்டினேன்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. முதல் ஐம்பது ரூபாயை அது வாய்விட்டுச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொர்ணலதா எட்டிப் பார்த்தாள்.

"நல்லா நடக்கட்டுங்க்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது கவனித்தேன். அவள் கடையிலும் ஒரு பூசணி தொங்கியது. பேய் முகம் நேராக என் கல்லாவைப் பார்த்து முறைத்தது. என் கடை ஓடப்போகிறது என்று பயந்துவிட்டாள் போல என முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது யார் கண்ணுக்குப் பயந்து கட்டியது என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. முகம் சுட்டது. ஒரு வார்த்தை பேசாமல் பதில் சொல்லிவிட்டாள்.

இன்னொரு தடவை பார்த்தேன். பலகையில் ஓர் எழுத்துகூட மறையாமல் பூசணியை ஓரமாகக் கட்டியிருந்தாள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.