பூசைக்குப் போன கொப்பி

ரத்னாவின் கொப்பியைக் கையில் வாங்கியவர்கள் யாரும் அதை உடனே திருப்பிக் கொடுத்ததில்லை. தலைப்புக்குச் சிவப்பு, விளக்கத்துக்கு நீலம், முக்கியமானதுக்குப் பச்சை, அதைவிட முக்கியமானதுக்கு ஊதா. பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பூ. இடது பக்கம் அடிமட்டம் வைத்து இழுத்த ஓரக்கோடு. அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு புள்ளிகூட விழாது. அது டீச்சருடைய இடம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதை, முப்பது வயதிலும் அவள் மீறவில்லை.

“கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் பார்த்தா கடையைப் பூட்டிருவான்” என்பான் அவள் புருஷன் சுமன்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ரத்னா உதவியாளர். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனால் பிள்ளைகள் பகலெல்லாம் அவள் இடுப்பிலும் மடியிலும்தான். அங்கே பொறுப்பாளராக இருக்கும் பெண்மணி வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். முன்பிள்ளைப் பருவக் கல்வி டிப்ளோமா கையில் இருந்தால் அந்த இடம் ரத்னாவுக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருத்தரைப் போடுவார்கள். போன வருஷம் எழுதிக் கோட்டை விட்டாள். இரண்டு தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இந்தத் தடவையோடு சரி.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில். ஆசிரியர் சிதம்பரநாதன் சேர் வாயைத் திறந்தால் ரத்னாவின் பேனையும் திறந்துவிடும். அவர் சொல்லச் சொல்ல ஒரு சொல் விடாமல் எழுதுவாள். வீட்டுக்கு வந்து அதையே நாலு நிறத்தில் இன்னொரு கொப்பியில் அழகாகப் பிரதி எடுப்பாள். எடுத்து முடித்ததும், படித்து முடித்த மாதிரி ஒரு நிம்மதி வரும்.

இந்த வருஷம் சுமன் தன் ஆட்டோவிலேயே அவளை ஹட்டனுக்குக் கூட்டிப் போனான். திரும்பி வரும்போது பேச்சில்லாமல் அவனால் வண்டி ஓட்ட முடியாது. முதல் வாரம், இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டான். எல்லாம் கொப்பியில இருக்கு என்றாள்.

“கொப்பியா போய்ப் பரீட்சை எழுதப்போகுது?”

நோர்வூட் தாண்டும்வரை அவள் கொப்பியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு, இவனுக்குப் பதில் சொல்லாமல் விடுவதாவது என்று, அன்றைய பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் விடவில்லை. அது ஏன், இது எதுக்கு, நம்ம தோட்டத்து லயத்துப் பிள்ளைகளும் அப்படியா என்று குடைந்தான். சேருடைய சொல் அவனுக்குப் புரியாததால் அவள் தன் சொல்லில் சொல்ல வேண்டியிருந்தது. அது வாராவாரம் வழக்கமாகிப்போனது. ஆனால் அவள் அதைப் படிப்பில் சேர்க்கவில்லை. வழிப்பேச்சு, அவ்வளவுதான்.

ஒரு நாள் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்த சுமன் விழுந்து விழுந்து சிரித்தான். ‘குறிப்பு எடுப்பது எப்படி’ என்று சிவப்பில் தலைப்பு. கீழே பச்சையில்: ஆசிரியர் சொல்வதையெல்லாம் எழுத வேண்டாம். சொந்தச் சொல்லில் சுருக்கமாக எழுதுக. ஓரத்தில் கேள்வி எழுதிவைத்து, கொப்பியை மூடிவிட்டுப் பதில் சொல்லிப் பார்க்கவும். எல்லாவற்றையும் ஒரு சொல் குறையாமல் எழுதி, அடியில் ஊதாக் கோடும் போட்டிருந்தாள்.

“சேர் இருமினதை மட்டும் விட்டுட்ட போல” என்றான்.

“குடுங்க இங்க” என்று பறித்துக்கொண்டாள்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் நாள் சனிக்கிழமை சரஸ்வதி பூசை. சனியன்று அரைநாள் வேலை முடித்து, மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை கொப்பியோடு உட்காருவது என்று ரத்னா முன்பே திட்டம் போட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்பியைக் காணோம். மெத்தைக்குக் கீழே இல்லை, அலுமாரியில் இல்லை. சுமன் கை நிறையப் பிரசாதத்தோடு உள்ளே வந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் புத்தகம் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவதைப் பார்த்தானாம். நம்ம ரத்னாவும் படிக்கிறவள்தானே என்று தோன்றியதாம். இரண்டு கொப்பிகளையும் சந்தனப் பொட்டு வைத்துப் பூசாரி வீரய்யாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

ரத்னா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பூசைக்கு வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமிக் காலையில் பூசை முடிந்துதான் தொடலாம். அதுவரை வாசிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது.

இருந்தும் கோயிலுக்கு ஓடினாள். வீரய்யாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுடைய புத்தகத்தையும் ஒரே சிவப்புத் துணியில் கட்டி அம்பாளின் காலடியில் வைத்தாகிவிட்டது என்றார். “நீ அவிழ்க்கச் சொன்னா அவிழ்க்கிறேன் தாயி. உன் மனசு என்ன சொல்லுது?” என்றும் கேட்டார். அவள் அந்த மூட்டையைப் பார்த்தாள். கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

வீட்டில் சுமன் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தான். அவள் எடுக்கவில்லை. அவன் திட்டு வாங்கத் தயாராக நின்றான். திட்டும் வரவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“வாசிக்கத்தானே கூடாது புள்ள. பேசலாம்ல? நான் கேக்கவா?”

அவள் சுவரைப் பார்த்தாள். வேறு வழியில்லை என்பது போலத் தலையாட்டினாள்.

பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து தனித்தனியாக விளையாடுமே, அது என்ன என்று கேட்டான். பிள்ளைக்காம்பராவுக்கு வருகிற அழகனும் அவன் பக்கத்து வீட்டுப் பொடியனும் ஒரே மண்ணில் ஆளுக்கொரு குழி தோண்டுவதையும், பேசாமலே ஒருவன் செய்வதை மற்றவன் செய்வதையும், அது கோபமல்ல, வயதின் பருவம் என்பதையும் தடுமாறாமல் சொன்னாள். கடிக்கிற பிள்ளையை என்ன செய்ய என்றான். சொன்னாள். அம்மா போனதும் அழுகிற பிள்ளை? அதற்கு நீளமாகவே சொன்னாள். தேத்தண்ணி எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது.

“பிள்ளைங்க பேச்சு எப்பிடி எப்பிடி வளரும்?”

ரத்னாவுக்கு அந்தப் பக்கம் கண்முன்னே நிற்கிறது. சிவப்புத் தலைப்பு, நாலு ஊதாக் கோடு, மூலையில் பூ. பூவில் ஐந்து இதழ்கூடத் தெரிகிறது. எழுத்து மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

“இருக்கிறதிலயே அழகா எழுதின பக்கம் அது” என்றாள்.

“இத நான் கேட்டதே இல்லையே.”

அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு அவனுக்கு நுவரெலியாவுக்கு ஒரு ஹயர் ஓட்டம் கிடைத்திருந்தது. அவள் பஸ்ஸில் தனியாகத் திரும்பினாள். யோசித்துப் பார்த்தால் போஷாக்குப் பாடத்துக்கும் அவன் வரவில்லை. அதுவும் வாயில் வரவில்லை. வண்டியில் வாயால் சொன்னதெல்லாம் இருக்கிறது. கையால் அழகுபடுத்தியதெல்லாம் கொப்பியோடு கோயிலில் இருக்கிறது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எழுதிவைக்கக் கூடாதே என்று, தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். விளக்கு வைக்கும்போது நாலு டம்ளர் கவிழ்ந்திருந்தன.

“வருஷம் முழுக்கப் படிச்சதுல நாலுதான் தெரியாதாக்கும்” என்றான் சுமன்.

காலையில் வீரய்யா முதல் ஆளாக அவளுக்குத்தான் மூட்டையை அவிழ்த்தார். ஆட்டோ புறப்பட்டதும் ரத்னா அந்த நாலு பாடத்தை மட்டும் திறந்தாள். ஒன்றை வாசித்தாள், மூடினாள், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சுமனுக்குச் சொன்னாள். அவன் முன்கண்ணாடியில் பார்த்து, “அது ஏன்?” என்றான். அவள் பேனையை எடுத்து ஓரக்கோட்டைத் தாண்டி ‘அது ஏன்?’ என்று எழுதினாள். குழியில் வண்டி குதித்து எழுத்து கோணிக்கொண்டு போனது. அழிக்கவில்லை. அடுத்த பாடத்துக்குப் போனாள்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவளிடம் அவன் ஒன்றும் கேட்காமல் கேக் துண்டொன்றை நீட்டினான். அவளே சொன்னாள். மழை நாளில் வெளியே விட முடியாத பிள்ளைகளை எப்படி வைத்திருப்பாய் என்று ஒரு கேள்வி. இரண்டு கொப்பியிலும் இல்லாதது.

“அய்யய்யோ. அப்ப விட்டுட்டியா?”

“நீங்க முன்னால ஒக்காந்து வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறதா நெனச்சேன். ரெண்டு பக்கம் எழுதிட்டேன்.”

முடிவு மார்கழியில் போனுக்கு வந்தது. திறமைச் சித்தி, சாதாரணப் பாஸுக்கும் ஒரு படி மேல். ரத்னா பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே அதை வாசித்தாள். சத்தமில்லாமல் இன்னொரு தரம் வாசித்தாள். சாயங்காலம் வருவதற்குள் சுமன் ஆட்டோ நிறுத்தம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தான். நாங்க பாஸ் பண்ணிட்டோம் என்றானாம்.

“நாங்களா?” என்றாள் ரத்னா, இடுப்பில் கை வைத்து.

“பின்ன? வாராவாரம் வகுப்புக்குப் போனவன் நான்தானே.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வந்து சான்றிதழை அவனே வாங்கிக்கொள்ளட்டும், வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போடுகிறேன் என்றாள். அவன் உண்மையாகவே சட்டையைத் தேடப் போனான்.