ஹெலிகாப்டருக்குப் போட்ட ரோடு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து விமானங்கள் போய்விட்டாலும், காரைக்குடிக்கு வெளியே அந்தப் பழைய ஓடுதளம் ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. பக்கத்திலிருந்த ஏரோப்ளேன் காலனியில் எல்லோரும் சைக்கிள் பழகியது அதில்தான். மிளகாய் காயப்போடுவதும் அதில்தான். காலனி ரோடு மட்டும் குண்டும் குழியுமாகவே கிடந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுத்துக் கொடுத்து, அங்கே குடியிருந்த ரேணுகாவுக்கு அலுத்துவிட்டது.

மாசி மாதம் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஞாயித்துக்கிழமை மந்திரி ஹெலிகாப்டர் இங்க இறங்குது. மிளகாயை அள்ளுங்கம்மா."

ரேணுகாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அள்ளிப்புடுறோம் சார். எறங்குனப்பறம் மந்திரி எங்குட்டுப் போவாக? இருக்கிறது நீங்க வந்த இந்த ஒரு ரோடுதான். இடுப்பு வலிக்காமயா வந்தீக?"

அதிகாரியின் கை தானாக இடுப்புக்குப் போனது.

அன்று மாலையே ரோடு ரோலர் வந்தது. சனிக்கிழமைக்குள் காலனி முழுக்கத் தார் மணத்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அண்ணாந்து காத்திருக்க, போன்தான் வந்தது. மந்திரியின் பயணம் ரத்து. அதிகாரிக்கு முகம் தொங்கிப்போனது.

"இவ்வளவு செஞ்சும் மந்திரி வரலையேம்மா."

ரேணுகா மிளகாய் மூட்டையை ஸ்கூட்டரில் ஏற்றினாள்.

"வந்திருந்தாலும் அன்னைக்கே போயிருப்பாக சார். ரோடு எங்குட்டும் போகாதுல்ல!"