கடைசி ஒட்டு

காலை ஆறு மணிக்கே இராசமணி நுணுக்குக்காட்டியில் கண்ணைப் பதித்திருந்தாள். ஒஸ்லோப் புறநகரான ஹொல்ம்லியாவிலிருந்து முதல் ரயிலில் வந்து, விறைத்த விரல்களைச் சுடுநீரில் பிடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இதயத்தை ஸ்கேன் செய்யும் கருவியின் முனையில் தலைமயிரிலும் மெல்லிய தகடுகளை ஒட்டும் வேலை. பசை நெடி தொண்டையில் கரித்தது. பத்தொன்பது வருடத்தில் கழுத்து தேய்ந்துபோயிற்று.

போன மாதம், முதலாளிகள் வெளிநாட்டில் திறக்கும் புதுத் தொழிற்சாலையிலிருந்து நாலு பேர் கமெராவோடு வந்தார்கள். தன்னிடம் தொழில் படிக்க ஆள் வந்திருக்கிறது என்ற பெருமை அவளுக்கு. வடையும் றோல்சும் செய்துவந்து சாப்பாட்டு அறையில் பரிமாறினாள். பசைக் குழாயை உள்ளங்கையில் பொத்தி இளஞ்சூடாக்குவது, மூச்சை அடக்கித் தகட்டை வைப்பது என்று எந்தக் கையேட்டிலும் இல்லாததையெல்லாம் காட்டிக் கொடுத்தாள். சொந்த வயிற்றில் அடித்துக்கொண்டாள், பாவி மனுஷி.

அடுத்த வாரமே அறிவிப்பு வந்தது. கோடையோடு இந்தத் தொழிற்சாலையை மூடுகிறார்கள், நாற்பத்தொரு பேருக்கும் வேலையில்லை.

இன்றைக்கு அதே கமெரா மறுபடியும் வந்து நின்றது. கடைசி ஒட்டு சரியாகப் பதிவாகவில்லையாம்.

"இதையும் காட்டிவிடுங்கள்" என்றார் மேலாளர் ஆன்ட்ரியாஸ்.

"முதலீட்டை இங்கேயே வைத்திருக்க வழியில்லையா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"இங்கே எல்லாமே விலை அதிகம். முதலாளிகளை இங்கே பிடித்துவைத்தது உங்கள் கைத்திறன் ஒன்றுதான். அதுவும் படமாகிவிட்டது. நீங்கள் காட்டாவிட்டாலும் இரண்டு மாதத்தில் அங்கே கண்டுபிடித்துவிடுவார்கள்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

பக்கத்து மேசையிலிருந்த கஜேந்தினி, ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்தவள், தாழ்ந்த குரலில் கேட்டாள். "அன்ரி, காட்டப் போறியளோ?"

"எல்லாரின்ரை வேலையும் என்னாலைதானே போகுது, பிள்ளை."

"நானும் பக்கத்திலை நிண்டு விளங்கப்படுத்தினனான்."

"காட்டாட்டிலும் போயிடுவாங்கள்."

"ஓம், போவாங்கள். எங்கடை கையாலை குடுத்துவிட வேண்டாம்."

இராசமணி கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நான் காட்டமாட்டேன்" என்றாள் ஆன்ட்ரியாசிடம்.

"மறுப்பவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும்" என்று அவர் ஒரு தாளில் அவள் பெயரை எழுதினார்.

"அப்படியானால் என் பெயரையும் எழுதுங்கள்" என்று தொழிற்சங்கப் பிரதிநிதி மேரின் எழுந்தாள். பிறகு கஜேந்தினி எழுந்தாள். பொதிகட்டும் பிரிவின் கதவும் திறந்தது.

வேலை திரும்பாது என்று வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆன்ட்ரியாஸ் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.