விளக்கு வைக்கறதுக்குள்ள

டேனியல் லடாக்குக்குக் கிளம்பிப்போன நாளிலிருந்து லில்லியின் வீட்டுக்குள் மட்டும் பொழுது சாயவில்லை. ஓரிக்கையில் மற்ற வீடுகளெல்லாம் இருட்டிக்கொள்ளும். அந்த ஓட்டு வீட்டின் படியைத் தாண்டினால் சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டேனியல் ஓரிக்கைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கல்யாணமான நாள்முதல் காலையில் வண்டியை எடுக்கும்போது, "விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடறேன் லில்லிமா" என்பான். வந்தும்விடுவான். ஒரு அறக்கட்டளை, கூரையில் சோலார் தகடு பொருத்திய ஆட்டோவை லடாக் வரை ஓட்டிப்போய்த் திரும்ப ஆள் தேடியது. ஊர் ஊராக நின்று வெயிலில் வண்டி ஓடுவதைக் காட்ட வேண்டும், கரண்ட் இல்லாத வீடுகளுக்கு நன்கொடையில் வாங்கிய சோலார் விளக்கைக் கொடுக்க வேண்டும். வாய் ஓயாமல் பேசுகிற டிரைவர் என்று இவனைப் பிடித்தார்கள். மாலை போட்டுக் கொடியசைத்து அனுப்பியபோது, பழக்கதோஷத்தில் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான் பாவி. மாசக்கணக்கில் போகிறவன் சொல்கிற வார்த்தையா அது? பொழுது என்ன செய்யும், அவனுக்காக நின்றது.

முதல் ராத்திரி லில்லி கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். பிறகு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகினாள். கோழிதான் பாவம், கூடையில் அடைய நேரமே வராமல் மேய்ந்துகொண்டே இருந்தது. மின்வாரிய ஆள் ஒருவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, இதில் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று போய்விட்டார். லாபம் தறிக்காரர்களுக்குத்தான். டியூப்லைட்டில் பட்டு நிறம் ஏமாற்றும், ஊதாவும் நீலமும் ஒன்றாகத் தெரியும். அதனால் எதிர்வீட்டு இளவரசி முதற்கொண்டு தெருவே இருட்டிய பிறகு நூலை எடுத்துக்கொண்டு நிறம் சேர்க்க லில்லி வீட்டுக்கு வந்தது. எல்லோருக்கும் டீ போட்டாள். அவளுக்கும் ஆள் துணை வேண்டியிருந்தது.

தினமும் டேனியல் போன் பண்ணுவான். "இங்க இருட்டிக்கினு வருது, வண்டிய ஓரங்கட்டிட்டேன். அங்க?"

"இங்க வெளிச்சமாத்தாம்பா இருக்குது. நீ வந்தாதான் இருட்டும்."

"அப்ப அவசரம் இல்ல" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு லில்லிக்குப் பிடிக்காது.

லடாக்கைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு மலை இறக்கத்தில் பாறை சரிந்து வண்டியோடு நசுங்கிச் செத்துப்போனான். சோலார் தகடு மட்டும் கீறல் இல்லாமல் கிடைத்ததாம். செய்தி வந்ததும் இனி அந்த வீடு இருண்டுவிடும் என்று தெருவே வாசலில் கூடியது. இருளவில்லை. லில்லி ஒவ்வொருவர் கையாகப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் காட்டினாள். "வெளிச்சம் இருக்குது பாரு. அவன் வந்துக்கினு இருக்கான். சும்மா சொல்றாங்க." இளவரசி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லில்லி அழவில்லை. அடுப்பில் அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

விமானத்தில் சென்னை வரையும் அங்கிருந்து ஆம்புலன்ஸிலுமாக அவனைக் கொண்டுவந்தபோது தெருவில் நன்றாக இருட்டியிருந்தது. சவப்பெட்டியை நாலு பேர் தூக்கிவர, லில்லி படியில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவன் உள்ளே வந்துவிட்டால் சொன்ன வார்த்தை தீர்ந்துபோகும், பொழுது சாய்ந்துவிடும், அப்புறம் அவள் யாருக்காகக் காத்திருப்பது? பாஸ்டர் சாமுவேல் கூப்பிட்டுப் பார்த்தும் அவள் நகரவில்லை. தூக்கியவர்களுக்குத் தோள் விட்டுப்போய், பெட்டியை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்தார்கள். அவன் ஆட்டோ நிறுத்துகிற இடம் அது. தூறல் போட ஆரம்பித்தது. பெட்டி நனைவதை லில்லி பார்த்தாள். வண்டி நனைந்தால்கூட தார்ப்பாய் எடுத்துக்கொண்டு ஓடுகிறவள் அவள்.

"எவ்ளோ நேரம்பா வெளியவே நனைவ" என்றாள் பெட்டியைப் பார்த்து. "உள்ள வா." கையை இறக்கி வழி விட்டாள்.

பெட்டி படியைத் தாண்டும்போது உள்ளே வெயில் இருந்தது. இன்னும் விளக்கு வைக்கவில்லை. சொன்னபடி வந்துவிட்டான். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு வெயில் மெல்லச் சுவரில் ஏறி, ஓட்டைத் தொட்டு, போய்விட்டது. கோழி தானாகப் போய்க் கூடையில் அடைந்தது. அப்போதுதான் லில்லி பெட்டி மேல் விழுந்து அழுதாள். சுவிட்சை இளவரசிதான் தட்டினாள்.

இப்போது அந்த வீட்டிலும் தினமும் பொழுது சாய்கிறது. தெருவைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் சாய்கிறது. நிறம் சேர்க்க வேண்டியவர்கள் அந்த நேரம் பார்த்து நூலோடு வந்துவிடுகிறார்கள். அதுவரை லில்லி விளக்கு வைப்பதில்லை.