பூஞ்சை வராத தொட்டி

ஆறடி மீன் தொட்டி புது வீட்டு மாடிப்படியில் திரும்பாது என்று தெரிந்ததும் அத்தான் அதைப் பிரித்தே விட்டார். மூட்டுகளில் இருந்த பழைய சிலிகான் பசையைப் பிளேடால் அறுத்து, கண்ணாடிகளைப் போர்வையில் சுற்றி மேலே ஏற்றி, மறுபடி ஒட்டினார். பசை காயும்வரை வீட்டில் தும்மக்கூட அனுமதியில்லை.

அக்காவின் மீன் அதுவரை பிளாஸ்டிக் டிரம்மில் கிடந்தது. பெயர் மேனேஜர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்காவோடு இருப்பதால் அத்தானைவிட சீனியர். இப்போது வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் தொட்டியில விடுங்க, மூச்சு வாங்குது" என்றாள் அக்கா.

மீனுக்குப் பழகிய தண்ணீர் வேண்டும் என்று டிரம்மிலிருந்து பாதியைத் தொட்டியில் ஊற்றினோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. அத்தான் மூட்டைத் தடவிப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"சும்மா பசை இல்லடா மச்சான். பாத்ரூமுக்குப் போடுறது, கடையிலயே ஒசத்தி. பாசி வராது, பூஞ்சை வராது. எதுவுமே உயிரோட நிக்காது."

சொல்லிக்கொண்டே மேனேஜரை வலையில் அள்ளித் தொட்டிக்கு மேலே கொண்டுபோனார்.

"நில்லுங்க!" என்று அக்கா கத்தினாள். வலை தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. "எதுவுமே நிக்காதுன்னா, மீன்?"

"அது பூஞ்சைக்கான மருந்துடி. மீனை என்ன பண்ணும்?"

"மருந்து ஆள் பாத்தா வேலை செய்யும்? டேய், டியூப்ல என்ன போட்டிருக்கு, படி."

குப்பையிலிருந்து டியூபை எடுத்தேன். எழுத்து எறும்புக்கால் சைஸ்.

"மீன் தொட்டிக்கு உபயோகிக்கக் கூடாது."

என் படிப்பு குடும்பத்துக்குப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம்.

"கம்பெனிக்காரன் தப்பிச்சுக்கிறதுக்குப் போடுறது அது." வலை மறுபடி இறங்கியது.

அக்கா ஒரு டம்ளரைத் தொட்டியில் முக்கி எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்போ முதல்ல நீங்க குடிங்க."

அத்தான் டம்ளரைப் பார்த்தார். வலைக்குள் செவுள் திறந்தது, மூடியது. திறந்தது. மூடக் காணோம்.

"ஒரு வாய்தானே? குடிங்க."

அத்தான் வலையோடு டிரம்முக்கு ஓடினார். மீதித் தண்ணீரில் பொத்தென்று விழுந்த மேனேஜர் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அக்கா தொட்டிக்கென வைத்திருந்த காற்றுக்குழாயை ஓடவிட்டு அதன் வாயருகே பிடித்தாள். வெகு நேரம் கழித்து வால் ஆடியது. பிறகு நிமிர்ந்து, மெல்ல ஒரு சுற்று சுற்றியது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளேடை எடுத்து அத்தான் கையில் வைத்தாள்.

"எல்லாத்தையுமா அறுக்கணும்?"

"ஒரு பொட்டு விடாம."

அத்தான் தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டு மூட்டில் பிளேடை வைத்தார். அது இறங்க மறுத்தது.

"எவ்வளவு நல்லா ஒட்டியிருக்கு பாருடா" என்றார், அழாத குறையாக.